கடலிலிருந்து எங்கள் வீடு

1

போன சனிக்கிழமை என் மகள் ஜோவினாவுக்குப் பதினேழு வயது முடிந்தது. கேக்கும் பலூனும் வேண்டாம், ஒரு நாள் படகு வாடகைக்கு எடுப்போம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தாள். நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த்துக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். கடலை வெட்டி ஊருக்குள் கொண்டுவந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து, வசதியானவர்களின் கொல்லைப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு படித்துறை கட்டிவைத்திருக்கிறார்கள். அவர்கள் சொந்தப் படகில் போவார்கள். எங்களைப் போன்றவர்கள் வாடகைப் படகில் அவர்கள் வீட்டுக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே போவோம். என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை, இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். அன்று சுரங்கத்து வாரம். ஆகவே நானும் மகளும் மட்டும்தான்.

படகுக்கடைப் பையன் ஒரு படிவத்தை நீட்டி, இதற்கு முன் படகில் போயிருக்கிறீர்களா என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் ஜோவினா ஆங்கிலத்தில் பொழிந்துவிட்டாள். என் தாத்தா மீனவர், மாமா மீனவர், அம்மா பிறந்ததே கடற்கரையில், இவருக்குத் தெரியாத படகா என்று. பையன் என்னை மரியாதையோடு பார்த்து, 'கேப்டன்' என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டான்.

ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், இது இரண்டாவது என்றேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள். முதல் தடவை ஜோவினாவும் என்னோடுதான் இருந்தாள். அதுதான் என் வாழ்க்கையின் முதல் தடவை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. நானும் சொன்னதில்லை.

2

நான் பிறந்த கடற்கரை ஊர், எங்கள் துறை, தேங்காய்ப்பட்டணத்துக்கும் இனயத்துக்கும் நடுவில் இருக்கிறது. வாசலில் நின்றால் கடல். அப்பா வள்ளம் இழுத்து ஏற்றுவது எங்கள் வீட்டு மணலில்தான். அந்த வள்ளத்தைக் கழுவியிருக்கிறேன், அதன் நிழலில் இருந்து பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், வலையில் சிக்கிய நண்டை எடுத்துக் கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் உள்ளே கால் வைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை.

பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு தடவை அழுது அடம்பிடித்தேன்.

"பொம்பள கால் வச்சா வள்ளம் வெறுங்கையோடதான் வரும் பிள்ளே. நீ கரையில நில்லு" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடி என்பதுபோலச் சொன்னார்.

வள்ளம் மணலைத் தொட்ட நிமிடத்திலிருந்து எல்லாம் பெண்கள் பாடுதான். ஏலம், சுமை, சந்தை, கருவாடு, வீட்டுக்கு அரிசி. தண்ணீர் மட்டும் எங்களுக்கு இல்லை. இதில் எனக்கு ஆயுசுக்கும் கோபம் உண்டு, இன்றைக்கும் தீரவில்லை.

அண்ணன் கிளீட்டஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணடிப்பான். "நீ கெட்டிக்கிட்டு உனக்க மாப்பிள்ளையோட வா மக்கா. அப்பனுக்குத் தெரியாம ஒரு ரவுண்டு கொண்டு போறேன்." கல்யாணம் ஆன கையோடு நான் விமானம் ஏறிவிட்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "எப்ப கொண்டு போற?" என்று நானும், "இந்த மாசம் கடல் சரியில்ல பிள்ளே" என்று அவனும் சொல்லிக்கொள்வது ஒரு விளையாட்டாகவே இருந்தது.

இங்கே வேலையிடத்தில் மீனவர் மகள் என்று சொன்னால் உடனே எனக்குப் பாய் கட்டத் தெரியுமா, தூண்டில் போடத் தெரியுமா என்று கேட்பார்கள். முதலில் விளக்கிப் பார்த்தேன். வார்த்தைகள் இடறும். எங்கள் வீட்டு ஆண்களை அவர்கள் கொடுமைக்காரர்களாக நினைத்துவிடுவார்களோ என்று பாதியில் நிறுத்திவிடுவேன். பிறகு ஓரளவு தெரியும் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

3

சில வருடங்களுக்கு முன் நவம்பர் கடைசியில் எங்கள் கரையை அடித்த அந்தப் புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று கிளீட்டஸோடு கடலுக்குப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிணமாகக் கிடைத்தார். இன்னொருவர் உயிரோடு கரை சேர்ந்தார். வள்ளம் கவிழ்ந்ததும் ஆளுக்கொரு பக்கமாக அலை கொண்டுபோனது என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. கிளீட்டஸ் கிடைக்கவே இல்லை.

நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். துக்க விடுப்புக் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் நல்லவள்தான், கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள். இறந்த தேதி என்ன? தெரியாது. அடக்கம் என்றைக்கு? இல்லை. அப்படியானால் தோராயமாக ஒரு தேதி போடலாமா? என் அண்ணன் சாவதற்கு நான் ஒரு தேதி குறிப்பதா? படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அந்த வாரம் ஒரு பெரியவர் இறந்தார். கண்ணை மூடிவிட்டு, உடம்பைத் துடைத்து, முடி சீவி, புதுச் சட்டை போட்டுவிட்டேன். யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு எல்லாம் முறையாகச் செய்கிறேன், கூடப் பிறந்தவனுக்கு ஒரு கை மண் போடவில்லையே என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஊரில், உடல் கிடைக்காத மற்ற வீடுகளில் ஒவ்வொருவராக மனதைத் தேற்றிக்கொண்டார்கள். வெறும் குழியின் மேல் கல்லறை கட்டிப் பெயர் பொறித்தார்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். என் அண்ணன் மனைவி ஸ்டெல்லா மைனி மட்டும் சம்மதிக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மைனி பால்வாடியில் ஆயா வேலை பார்க்கிறாள், அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். அரசாங்கம் அண்ணனை இறந்தவன் என்று எழுதி முடித்துவிட்டது. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுக்க மைனி போகவே இல்லை. நினைவுத் திருப்பலிக்குப் பங்குச்சாமியார் கேட்டபோதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போவதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் குருசடிக்குப் போவாள். காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதர் அவர். சாவிக்கொத்துக்கும் ஆட்டுக்குட்டிக்கும் வேண்டிக்கொள்கிறவர்களுக்கு நடுவில் மைனி கிளீட்டஸுக்கு வேண்டிக்கொள்வாள்.

தொலைபேசியில் ஒருமுறை கேட்டே விட்டேன். "இன்னும் எத்தன வருசம் மைனி?"

"உனக்கு என்ன அவசரம்?" என்றாள்.

எனக்கு அவசரம்தான். தூரத்தில் இருப்பவளுக்குத் துக்கம் கொண்டாட ஓர் இடம் வேண்டும். விடுமுறைக்குப் போனால் போய் நிற்க, மெழுகுவர்த்தி ஏற்ற, பெயரைத் தொட்டுப் பார்க்க ஒரு கல் வேண்டும். மைனி விடமாட்டேன் என்கிறாளே என்று உள்ளுக்குள் அவள்மேல் ஒரு கசப்பு வளர்ந்துகொண்டே இருந்தது.

4

போன டிசம்பரில் ஜோவினாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மூன்று வாரத்துக்கும் திட்டம் கையில் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான், அழுவதற்கும் நாள் ஒதுக்கிவைத்துத்தான் வருவோம். என் திட்டத்தில் ஒரு நாளுக்கு நேரே 'போட்' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஷாகுல் என்பவர் சுற்றுலாப் படகு வைத்திருக்கிறார். வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மேலே தகரக்கூரை, இரண்டு பக்கமும் பெஞ்ச், ஒரு ஸ்பீக்கர். ஆற்றில் மேலே போய், பழைய ஏ.வி.எம். கால்வாயின் மிச்சத்தைக் காட்டி, தென்னந்தோப்பில் சாப்பிட வைத்துக் கொண்டுவந்து விடுவார். முழுநாளுக்குப் பேசினேன். அடையாள அட்டை கேட்டார், பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.

"இது வெளிநாட்டுப் பாஸ்போர்ட்லா. அப்போ ஸ்டேஷன்ல ஒரு காப்பி குடுக்கணும் அக்கா. கடல் பக்கம் பாத்தியளா, சட்டம் அப்படி."

"எனக்க வீடு இந்தா தெரியுற கோவில் பக்கத்துல தம்பி."

"அது சரிதான். ஆனா புஸ்தகம் வேற சொல்லுதே."

காவல் நிலையத்தில் பெஞ்சில் காத்திருந்து, எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விக்குச் 'சுற்றுலா' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்து கோட்டாற்றுக்குப் போய், பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் பூக்கடையில் ஒரு ரீத்து சொன்னேன். நம் பக்கத்தில் மலர்வளையத்துக்கு ரீத்து என்றுதான் பெயர்.

"அடக்கம் எத்தன மணிக்கு?" என்றார் கடைக்காரர்.

"அடக்கம் இல்ல."

"பிறவு?"

"சும்மாதான். நாளைக்குக் காலையில வேணும்."

அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நாடாவில் என்ன எழுத என்று கேட்டார். 'அண்ணன் கிளீட்டஸுக்கு, தங்கை லிசி' என்று சொன்னேன்.

மைனியிடம், ஜோவினாவுக்கு ஆற்றைக் காட்ட வேண்டும், நீயும் வா என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

5

காலையில் மைனி வெளுத்த சேலை ஒன்றை உடுத்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தாள். படகில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினாள், சிலுவை போட்டாள். பிறகும் ஏறாமல் நின்றாள்.

"ஏறலாமா மக்கா?"

"இது மீன்பிடிக்கிற வள்ளம் இல்ல மைனி."

"வள்ளம் வள்ளம்தானே" என்றாள். நான் கையைப் பிடித்து ஏற்றினேன். இரண்டு மீனவக் குடும்பத்துப் பெண்கள், நடுத்தர வயதில், வாடகைக்கு எடுத்த படகில் முதன்முதலாக ஏறினோம். ஜோவினா துள்ளிக் குதித்து ஏறி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஷாகுல் உயிர்காக்கும் சட்டைகளைக் கொடுத்தார். மைனி அதை மாட்டிக்கொள்ளவில்லை. மடியில் வைத்து, கொக்கியைப் போட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒண்ணு என்ன விலை இருக்கும் தம்பி?" என்று கேட்டாள். ஷாகுல் இஞ்சினைப் போட்டார்.

ஆற்றில் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. ஜோவினா, 'மாமி, மாமி' என்று ஒவ்வொரு பறவைக்கும் பெயர் கேட்டாள். மைனி எல்லாவற்றுக்கும் கொக்கு என்றாள். நான் ஷாகுலிடம் போய், படகைத் திருப்பி, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு விடச் சொல்லி மெல்லக் கேட்டேன். அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து மைனியின் குரல் வந்தது.

"இதுல என்ன பூ மணக்குது?"

விடியுமுன் வாங்கிவந்த ரீத்தை நான் ஒளித்துவைத்திருந்த பெரிய பையை அவள் திறந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு தேடித்தான் திறந்தாள். ரீத்தை வெளியே எடுத்து, நாடாவை நீவிப் படித்தாள். ஷாகுல் இஞ்சினை நிறுத்திவிட்டார்.

"என்னக்கா இது? எனக்க போட்டுல ரீத்து ஏத்தினான்னு நாலு பேரு பறஞ்சா, நாளைக்கு ஆரு ஏறுவா?"

நான் மைனியைத்தான் பார்த்தேன். கத்துவாள், தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அவள் அதை மடியில் வைத்து, உதிர்ந்த பூ ஒன்றைத் திரும்பச் சொருகினாள்.

"எனக்குத் தெரியாம எனக்க மாப்பிள்ளைக்கு ரீத்து வாங்கினியா?"

"எனக்கும் அண்ணன்தானே மைனி. எனக்கு அழ ஒரு எடம் வேண்டாமா? எல்லாரும் கல்லறைக்குப் போறாங்க. நான் எங்க போவேன்?"

"நீ இதப் போட்டுட்டு, கண்ணத் தொடச்சிட்டு, பிளேன் ஏறிப் போயிருவ மக்கா. நாளைக்கு வெடிஞ்சு கதவத் திறந்து இந்தக் கடல் முகத்துல முழிக்கப் போறது நான். செத்துட்டான்னு தெரிஞ்சு முழிக்கணுமா, வருவான்னு முழிக்கணுமா? நீயே சொல்லு."



படகு சும்மா ஆடிக்கொண்டு நின்றது. ஜோவினாவுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் எழுந்து வந்து மாமியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு மைனியே சொன்னாள்.

"வெளிய விடு தம்பி. கடல் சும்மாதான் கிடக்கு. எனக்கும் ஒண்ணு பாக்கணும்."

ஷாகுல் முணுமுணுத்தார். பிறகு கடலைப் பார்த்தார், மைனியைப் பார்த்தார், இஞ்சினைப் போட்டார். துறைமுகத்துக் கல்சுவர்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போனோம். மார்கழிக் கடல், எண்ணெய் மாதிரிக் கிடந்தது.

"உனக்கு வேணும்னா நீ போடு. நான் போடல்ல, பாக்கவும் மாட்டேன்" என்று ரீத்தை என் கையில் தந்துவிட்டு, மைனி கரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நான் கடல்பக்கம் குனிந்து அதைத் தண்ணீரில் விட்டேன். ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். மணிக்கணக்காக அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழுகை வரவில்லை. ரீத்து படகைவிட்டுப் போகாமல் ஒட்டி ஒட்டி வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மைனி ஜோவினாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உனக்குக் கண்ணு நல்லா தெரியுமே. கோவில் தெரியுது, அதுக்கு இந்தப் பக்கம் நம்ம வீடு எங்க?"

"தெரியல மாமி. ஒரு பெரிய கண்ணாடி வீடுதான் இருக்கு."

அது துபாய்க்காரர் வீடு. எங்கள் வீட்டுக்கு முன்னால் மாடி வைத்துக் கட்டியது. அதற்கும் முன்னால் அலைத்தடுப்புக் கற்களை மலைபோலக் குவித்திருக்கிறார்கள். இரண்டுமே புயலுக்குப் பிறகு வந்தவை.

மைனி எழுந்து நின்று, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். "அவரு போவும்போ இதொண்ணும் இல்ல கேட்டியா. இஞ்ச இருந்து பாத்தா நம்ம வீட்டு மொட்டைமாடி அப்படியே தெரியும், விளக்குப் போட்டிருந்தா அடுக்களை ஜன்னல்கூடத் தெரியும்னு சொல்லுவாரு. இப்போ வந்தா எதப் பாத்து வருவாரு?"

திரும்பும் வழியில் தென்னந்தோப்பில் நிறுத்திச் சாப்பிட்டோம். மைனி எனக்கு மீனின் நடுத்துண்டைத்தான் எடுத்து வைத்தாள்.

6

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். 'கேப்டன்' நான் ஓரமாக உட்கார்ந்திருக்க, ஜோவினாதான் படகை ஓட்டினாள். வாய்க்கால்களைச் சுற்றி முடித்து, வாடகைப் படகுகள் போகலாம் என்று மிதவை போட்டிருக்கும் எல்லைவரை வந்தோம். அதற்கு அப்பால் கடல். இந்துமாக்கடல்தான், அண்ணன் போன அதே கடல். மகள் இஞ்சினை நிறுத்திவிட்டு, தோழிகளுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் படிப்புக்காகக் கிழக்குக் கரைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். சரி என்றேன். இவளும் போகத்தான் போகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அப்போது மைனியிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டியை உயரமான இரும்புக் கால்களில் தூக்கி நிறுத்தியிருக்கிறாள், துபாய்க்காரர் வீட்டுக்கும் மேலே நிற்கிறது. தொட்டி முழுக்க ஆரஞ்சு வண்ணம். அது கிளீட்டஸ் வள்ளத்தின் வண்ணம். வருடாவருடம் அவன் வள்ளத்துக்கு அடித்துவிட்டு மிச்சத்தைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிப்பான். வீட்டையெல்லாம் வள்ளமாக்கிவிட்டான் என்று அம்மா திட்டுவாள்.

படத்துக்குக் கீழே மைனியின் குரல்பதிவு. பின்னணியில் பால்வாடிப் பிள்ளைகளின் இரைச்சல்.

"நீ கடல்லேந்து பாத்தவளாச்சே. இது இப்போ அங்கேந்து தெரியுமா மக்கா?"

எனக்கு எப்படித் தெரியும்? அன்று நான் கரையைப் பார்க்கவே இல்லை. ரீத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கடலில் இருந்து என் ஊரைப் பார்க்கக் கிடைத்தது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருடமாக இது எனக்கு உறைக்காமல் இருந்திருக்கிறது.

"நல்லா தெரியும் மைனி. எவ்வளவு தூரத்துல இருந்து வந்தாலும் தெரியும்" என்று பேசி அனுப்பினேன். அவளை இனித் தேற்றப் போவதில்லை, கல்லறை கட்டச் சொல்லவும் போவதில்லை என்று அந்த நிமிடத்தில் எனக்கே தெரிந்துவிட்டது.

அவள் பதில் உடனே வந்தது.

"உனக்கும் சேத்துதான் அடிச்சது. நீயும் கடல் தாண்டிப் போன ஆளுதானே."

அன்று பொழிமுகத்தில் வராத அழுகை இங்கே வந்தது. ஜோவினா போனைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஆயிற்று அம்மா, பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். படத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மாமி வீட்டுத் தண்ணி டேங்க்" என்றாள். படகைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கியிருந்தது. அவள் இஞ்சினைப் போட்டாள். நான் இந்தத் தடவை கரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.